படத்தில் விட்டுப்போன ஆடு

திசையன்விளை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வீட்டுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்ததால் உடனே எழுத முடியவில்லை. கண் அறுவைக்குப் பிறகு மறுபடியும் தூரிகை பிடித்துவிட்டாய் என்று படித்ததும் மனம் குளிர்ந்துவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். போன மாதம் திருநெல்வேலி போயிருந்தேன். நெல்லையப்பர் கோயிலுக்குள் நுழைந்ததும் கால் பழக்கத்தில் காந்திமதி யானையைத் தேடித்தான் போனது. 2025 ஜனவரியில் அந்த யானை இறந்தது தெரிந்தும், வாங்கிப்போன வாழைப்பழம் கையிலேயே இருந்தது.

இப்போது உன்னிடம் ஒரு காரியம் கேட்க வேண்டும். வெள்ளை அடிக்கப் பரணைக் காலி செய்தபோது ஆச்சியின் போட்டோ கிடைத்தது. ஸ்டூடியோவில் எடுத்த ஒரே படம். மடியில் ஓலைப்பெட்டி. இடது கை பெட்டி மேல் இருக்கிறது. வலது கை நாற்காலிக்கு வெளியே தொங்குகிறது. விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல வளைந்திருக்கின்றன. அந்த விரல்களுக்குள் இருந்தது ஆட்டின் காது. அவள் ஆட்டோடு போய்த்தான் உட்கார்ந்தாள். படம் எடுத்தவர் ஆடு இருந்த பக்கத்தைப் படத்திலிருந்து வெட்டிவிட்டு ஆளை மட்டும் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டார். "பாதிப் படத்துக்கு முழுக் காசு வாங்கிவிட்டானே" என்று சொல்லி, கடைசி வரைக்கும் அதைச் சுவரில் மாட்ட ஆச்சி விடவில்லை.

ஆச்சி பெட்டி முடைவதை நீ பார்த்திருக்கிறாய். குருத்தோலையைக் காயவைத்து, சீராக வகிர்ந்து, சாயத்தில் வேகவைத்து, ஈரத்துணியில் சுற்றி வைப்பாள். முடையத் தொடங்குமுன் ஓலையைக் கீழுதட்டின்மேல் ஒருமுறை இழுத்துப் பதம் பார்ப்பாள். ஆடு அவள் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு அசைபோட்டபடி படுத்திருக்கும். ஆட்டின் கண்மணி வட்டமாக இருக்காது, படுக்கைவாட்டில் ஒரு கோடுபோல இருக்கும் அல்லவா? மஞ்சள் ஓலைக் கட்டத்தின் நடுவே கறுப்பு ஓலையில் அப்படி ஒரு கோடு வருமாறு முடைவாள். அதற்கு 'ஆட்டுக்கண்' என்று அவளே பெயர் வைத்திருந்தாள். உன் கல்யாணத்துக்குக் கொடுத்த சீர்ப்பெட்டியின் மூடியிலும் அது இருக்கிறது. எடுத்துப் பார்.

அந்தப் போட்டோவைப் பார்த்ததும், பிரெஞ்சு ஓவியர் ரோசா பொனேரைப் பற்றி நீ முன்பு எழுதியது நினைவுக்கு வந்தது. குதிரைச் சந்தைக்கும் கசாப்புக் கொட்டிலுக்கும் போய் விலங்குகளை வரைவதற்காக, பாரிஸ் போலீசிடம் கால்சட்டை போட அனுமதிச் சீட்டு வாங்கிய பெண்மணி. 1857இல் துபூஃப் என்ற ஓவியர் அவரை ஒரு மேசைமேல் கை ஊன்றி நிற்பதுபோல வரைந்தார். ரோசாவுக்கு அது பிடிக்கவில்லை. மேசை இருந்த இடத்தில் தன் கையாலேயே ஒரு காளையை வரைந்துவிட்டார். அந்தக் காளையின் மேல்தான் இன்றைக்கும் அவர் கை இருக்கிறது.

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவைப் பற்றி நீ எழுதியதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை இல்லாத குறைக்குத்தான் குரங்கும் கிளியும் மானும் வளர்த்தார் என்று பலரும் சொல்வதையே நீயும் சொல்லியிருக்கிறாய். ஆச்சி ஆறு பிள்ளை பெற்றவள். அவள் ஆட்டை எதற்கும் பதிலாக வைத்திருக்கவில்லை. 1946இல் ஃப்ரீடா, அம்புகள் தைத்த மானின் உடலுக்குத் தன் முகத்தை வைத்து வரைந்தாரே, அதில் மான் யாருக்குப் பதில்? தன் வலியைச் சொல்ல அந்த உடல்தான் அவருக்குச் சரியாக வந்தது. நம் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரையே எடுத்துக்கொள். பாட்டு எழுதிய ஆண்டாளின் கையில் கிளி இல்லாமல் ஒருநாள்கூட இருக்கக் கூடாது என்று, மாதுளம் பூவில் மூக்கும் மரவள்ளி இலையில் உடலும் வைத்து, தினமும் புதிதாகக் கிளி கட்டிச் சாத்துகிறார்கள். குறை தீர்க்கவா அந்தக் கிளி?

அதனால்தான் கேட்கிறேன். ஆச்சியின் படத்தைப் பெரிதாக வரைந்து, விட்டுப்போன ஆட்டையும் அதில் சேர்த்துக் கொடு. ஏதோ ஒரு ஆடு வேண்டாம். அது பால்கன்னி, நம் பக்கத்துக் கன்னி ஆட்டில் ஒரு வகை. உடல் கறுப்பு. கொம்படியிலிருந்து வாய் வரைக்கும் முகத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு இறங்கும். வயிறும் காதின் உட்புறமும் வெள்ளை. இடது கொம்பு வலதைவிடக் கொஞ்சம் குட்டை, வேலியில் மாட்டி முனை ஒடிந்தது. ஆச்சியின் விரல்களை அப்படியே விட்டுவிடு. காது அவற்றுக்குள் பொருந்தி வந்தால் போதும்.

போட்டோவை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததும் ஒரு வரி எழுது. கண்ணுக்குச் சிரமம் கொடுக்காதே, பொங்கலுக்குள் முடிந்தால்கூடப் போதும்.

அன்புடன்,
உன் பழைய தோழி