குறைந்த ஓட்டம் வேறு, நல்ல பராமரிப்பு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான விற்பனை விளம்பரங்களில் 'குறைவாக ஓடியது', 'நன்கு பராமரிக்கப்பட்டது' என்ற இரண்டும் எப்போதும் சேர்ந்தே வருவதால், ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று வாங்குபவர்கள் நம்பிவிடுகிறார்கள். இத்தகைய கார் ஒன்றைப் பல ஆண்டுகள் வைத்திருந்து இப்போது விற்க முனைந்திருப்பவன் என்ற முறையில், இந்த நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியே தெரிவிக்க விரும்புகிறேன்.

என்னிடம் இருப்பது, 1975-இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான ஃபெராரி 308 ஜிடிபி. அதன் வி8 எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுகளான கேம்ஷாஃப்டுகளைச் சுழற்றுபவை இரண்டு ரப்பர் டைமிங் பெல்ட்டுகள். ரப்பர் ஓட்டத்தால் மட்டும் தேய்வதில்லை, வயதாலும் நலிகிறது. கொட்டகையில் அசையாமல் நின்ற காரில்கூடச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்றித்தான் ஆக வேண்டும். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே பாழாகும். அதே காலத்து ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடரில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி இருப்பதால் இந்தக் கவலை இல்லை. ஃபியட் 124 ஸ்பைடரிலோ பெல்ட்தான். ஆகவே ஓடோமீட்டர் எவ்வளவு சிறிய எண்ணைக் காட்டினாலும், பெல்ட் எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லையென்றால் அந்த எண்ணை நம்பிப் பணம் கொடுப்பது சரியல்ல.

நிறுத்தி வைத்த காரில் கெட்டுப்போவது பெல்ட் மட்டுமல்ல. ஆயில் சீல்கள் காய்ந்து கசிகின்றன, டேங்கின் உட்புறம் துருப்பிடிக்கிறது, நாள்பட்ட பெட்ரோல், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கிறது, ஈரத்தை இழுத்துக்கொண்ட பிரேக் ஆயிலால், பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் கேலிப்பர் இறுகிவிடுகிறது. டயரில் பட்டன் தேயாமல் புதிதுபோல் தெரிந்தாலும், பக்கச்சுவரில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். மேலும், அக்காலக் கார்கள் பலவற்றின் ஓடோமீட்டரில் ஐந்து இலக்கங்களே உண்டு என்பதால், 99,999-ஐத் தாண்டியதும் அது மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும்.

விற்பவர் தாமாகவே சொல்ல வேண்டியவையும் உண்டு. 308-இன் தொடக்கக் காலக் கார்களுக்கு ஃபைபர்கிளாஸ் உடல். 1977-இல்தான் எஃகுக்கு மாறினார்கள். காந்தத்தை வைத்துப் பார்க்கும் ஒருவர் அது ஒட்டாததைக் கண்டு, மோதிய இடத்தைப் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று எண்ணக்கூடும் அல்லவா? எஞ்சின் சூடாகும்வரை இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பதும் இந்தக் காரின் இயல்பே. எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் தொழிற்சாலைப் பதிவோடு பொருந்துகின்றனவா என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகளைக் கடந்த தன் கார்களின் அசல்தன்மையை ஃபெராரி நிறுவனமே சோதித்துச் சான்றிதழ் அளிப்பதால், பொய் சொல்லி நெடுநாள் ஒளிக்கவும் முடியாது.

என் காரைப் பொறுத்தவரை, அது ஓடாமல் நின்ற ஆண்டுகள் உட்பட எல்லா ரசீதுகளையும் தேதி வரிசையில் வைத்திருக்கிறேன். வாங்க வருபவர் தமக்கு நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துவந்து சிலிண்டர்களில் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்து பார்க்கலாம் என்பதையும் விளம்பரத்திலேயே குறிப்பிடப் போகிறேன்.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பழைய கார் விளம்பரங்களை ஏற்கும்போது, ஓடிய கிலோமீட்டருடன் டைமிங் பெல்ட் கடைசியாக மாற்றிய ஆண்டு, டயர் செய்யப்பட்ட ஆண்டு, எஞ்சின் அசலா மாற்றப்பட்டதா என்ற மூன்று விவரங்களையும் விளம்பரதாரரிடம் கட்டாயமாகக் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்