அந்த ஒரு வரியைத் தமிழில் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய இதயநோய்ப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். மாத்திரைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இதய நோய்க்கு உங்கள் பிரிவில் கொடுத்த எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன், ஃபுரோசிமைடு என்ற நீர் மாத்திரை, இவற்றைச் சாப்பிட்ட பிறகுதான் அப்பா மூச்சிரைக்காமல் படுத்துத் தூங்கினார்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பத்தொன்பதாம் நாள் வயிற்றுப்போக்கு. "ஒருவேளைகூட விடக்கூடாது" என்று சொல்லி அனுப்பியிருந்தீர்கள். நீர் மாத்திரையையும் விடவில்லை. தெம்புக்கென்று பெரியம்மா தினம் இரண்டு இளநீர் கொடுத்தார். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வேறு. அதை எழுதியது உங்கள் மருத்துவமனையின் எலும்புப் பிரிவுதான். இரண்டு பிரிவும் எழுதியது ஒரே ஓ.பி. நோட்டில், எதிரெதிர்ப் பக்கங்களில்.

பேதி தொடங்கிய மூன்றாம் நாள் கால் துவண்டு குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 1.2-லிருந்து 3.9. பொட்டாசியம் 6.6. "உப்பு ஏறிடுச்சு" என்றார்கள். தான் குழம்பில் போட்ட உப்புதான் என்று நினைத்து அம்மா இரவெல்லாம் அழுதார்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் விளக்கினார். உடம்பில் நீர் வற்றினால், சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் வரும் குழாய் விரிந்துகொடுக்கும், வெளியேறும் குழாய் இறுகும். அப்படித்தான் அழுத்தம் நிற்கும். வலி மாத்திரை முதலாவதைத் தடுக்கிறது, எனலாப்ரில் இரண்டாவதை. நீர் மாத்திரை மேலும் வற்றவைக்கிறது. ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தை வெளியேற விடாது. இளநீரோ அதைக் கொண்டுவந்து கொட்டுகிறது. இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் பிரிவில் எங்களைக் கேட்ட முதல் கேள்வி: "ஒரு வாரத்தில் ரத்தம் பார்க்கச் சொன்னோமே, ஏன் வரவில்லை?" டிஸ்சார்ஜ் சீட்டின் அடியில் இருப்பது உண்மைதான், அந்தப் பரிசோதனைக்கு ஆங்கிலத்தில் மூன்றெழுத்து, ஒரு வாரத்துக்குப் பக்கத்தில் ஒன்று என்ற எண். அப்பா ஆறாம் வகுப்பு. நான் பி.காம்., எனக்கே அது ஏதோ டாக்டர் பட்டம் போலத்தான் தெரிந்தது. செருப்பை எங்கே கழற்றவேண்டும் என்பது மட்டும் உங்கள் வாசலில் அழகான தமிழில், ஓர் அடி உயர எழுத்தில் இருக்கிறது.

மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்கிறேன். மாத்திரை தொடங்கியதும் கிரியாட்டினின் சுமார் 30 சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்ப்பதுதான் என்கிறீர்கள். அதற்குள் நிற்கிறதா, தாண்டுகிறதா என்று பார்க்கத்தானே அந்தப் பரிசோதனை? அதன் தேதியைத் தமிழில் எழுதுங்கள். வாந்தி, பேதி என்றால் அன்றே வரவேண்டும், வலி மாத்திரை கூடாது என்றும் சேர்த்து எழுதுங்கள். தயவுசெய்து, தமிழில்.

பக்கத்து வீட்டார் எல்லா மாத்திரையையும் தூக்கிப்போடச் சொல்கிறார்கள். நாங்கள் போடவில்லை. செவ்வாய்க்கிழமை அப்பாவைக் கூட்டி வருகிறேன். நோட்டில் இன்னும் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்