கழுத்தில் கட்டிய நெறியும் கைக்கு வராத கடதாசியும்

வடமாகாண சுகாதார அதிகாரிகளுக்கும், வன்னி நோயாளரைப் பார்க்கும் புற்றுநோய் வைத்தியர்களுக்கும்,

வணக்கம். புதுக்குடியிருப்புப் பக்கம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறவன் நான். வைத்தியம் தெரியாது. என் அண்ணருக்கு வாய்ப் புற்றுநோய். நாக்கின் ஓரத்தில் ஆறாத புண்ணாகத் தொடங்கி, வலது தாடைக்குக் கீழே நெறி கட்டியது. பல்லுக் குத்தால் வந்த நெறி என்று நினைத்து மூன்று கிழமை நோவெண்ணெய் பூசினோம். நாற்பது வருஷம் வெற்றிலையும் புகையிலையும் போட்ட வாய் என்பதை அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருவது இந்தப் புற்றுநோய்தான் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

பயொப்சியும் ஸ்கானும் முடிந்த அன்று கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே சொல்லப்போவதில்லை. திரும்பி வரும் வழியில், பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அண்ணர் அதில் விரலை வைத்து, "ரி3 என்2பி. இது உன்ர கணக்கு மாதிரிக் கிடக்கு, என்னெண்டு சொல்லு" என்றார். எனக்கும் விளங்கவில்லை. அதை விளங்கிக்கொள்ள ஒரு மாதம் போயிற்று. அதற்குள் ஒபரேஷன் முடிந்துவிட்டது.

அந்த ஒரு மாதத்தையும், அதற்குள் தேடாமல் விட்ட கிளினிக்கல் ட்ரயலையும் (வைத்திய முறைகளை நோயாளரில் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு) பற்றித்தான் இந்தக் கடிதம்.

'ரி' என்பது வாயில் உள்ள கட்டியின் அளவு. 'என்' என்பது நிணநீர்க் கணு, நாங்கள் நெறி என்கிறோமே அதுதான். '2பி' என்றால் நோய், வாயில் கட்டி உள்ள அதே பக்கக் கழுத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கணுக்களுக்குப் பரவியிருக்கிறது, ஆனால் எதுவும் 6 சென்ரிமீற்றரைத் தாண்டவில்லை. கணுவின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்ததாகவும் அடையாளமில்லை. தமிழில் எழுதினால் இவ்வளவுதான், மூன்று வரி.

இது தெரியாமல் கிளினிக்கல் ட்ரயல் தேடப் போனால் என்ன நடக்கும் என்பதை நானே அனுபவித்தேன். 'நெறிக்குப் பரவிய புற்றுநோய்' என்று தேடினேன். பிழை அங்கேயே. கழுத்து நெறிக்குப் போனாலும் அது வாய்ப் புற்றுநோய்தான். தொடங்கிய இடத்தின் பெயரில் தேட வேண்டும். அடுத்து 'மெற்றாஸ்ரற்றிக்' என்று தேடினேன், அதுவும் பிழை. பக்கத்துக் கணுக்களுக்கு மட்டும் போன நோயை ஆய்வுக்காரர் 'லோக்கலி அட்வான்ஸ்ட்' என்ற பெயரில்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். தூரத்து உறுப்புக்கோ தூரத்துக் கணுவுக்கோ போனால்தான் மற்றச் சொல். ஒரு சொல் மாறியதால் நான் பார்த்த பட்டியல் முழுக்க வேறு ஆட்களுடையது.

எல்லாவற்றையும் விட முக்கியம், பல ஆய்வுகள் வைத்தியம் தொடங்காதவர்களை மட்டுமே எடுக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தை ஒபரேஷனுக்கு முன்னும் பின்னும் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 714 பேரில் நடந்தது. 2025இல் முடிவு வந்தது, நோய் திரும்பாமல் இருந்த காலம் கூடியிருந்தது. அப்படியான ஆய்வில் கத்தி பட்ட பிறகு கதவு மூடியதுதான். எங்கள் பகுதிக்கு எட்டும் ஆய்வு அன்று ஏதும் இருந்ததா என்று நான் சண்டை பிடிக்கவில்லை. ஒருவரும் தேடிப் பார்க்கவில்லை என்பதுதான் என் மனவருத்தம்.

தேட இடமில்லாமலுமில்லை. இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் ஆய்வுப் பதிவேடு வைத்திருக்கிறது. இந்தியாவுக்கு 2007 முதல் ஒன்று உண்டு. பல நாட்டுப் பதிவேடுகளையும் ஒன்றாகத் தேட உலக சுகாதார நிறுவனத்தின் தளம் இருக்கிறது. ஆனால் முல்லைத்தீவில் மீன் விற்கும் அம்மாவை ஆங்கிலப் பதிவேட்டில் தேடச் சொல்வது நியாயமா?

'ட்ரயல்' என்றால் ஊரில் பயம். "எங்களில மருந்து அடிச்சுப் பாக்கப் போறாங்கள்" என்பார்கள். பிழை சொல்ல மாட்டேன். இடம்பெயர்ந்து இருந்த முகாமில் எத்தனை படிவம் நிரப்பிக் கையெழுத்து வைத்தோம், எதற்குப் பதில் வந்தது? ஆனபடியால் சொல்ல வேண்டியதைத் தமிழில், இருந்து, ஆறுதலாகச் சொல்லுங்கள். புற்றுநோய் ஆய்வில் பெரும்பாலும் வழக்கமான வைத்தியத்தோடு ஒப்பிட்டுத்தான் புதியதைப் பார்ப்பார்கள். எப்போதும் விலகலாம், விலகினாலும் வழக்கமான வைத்தியம் நிற்காது. ஆய்வு மருந்துக்குப் பொதுவாகக் காசு வாங்க மாட்டார்கள், காசு கேட்டு வருபவனைச் சந்தேகிக்கத்தான் வேண்டும். புதிய மருந்து பலன் தராமலும் போகலாம், அதையும் மறைக்க வேண்டாம்.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வை உதாரணமாகச் சொல்லலாம். ஆரம்ப நிலை வாய்ப் புற்றுநோயில் கழுத்துக் கணுக்களை முதல் ஒபரேஷனிலேயே எடுப்பதா, நெறி தெரியும் வரை பொறுப்பதா என்று 500 பேரில் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் முதலிலேயே எடுத்தவர்களில் 80 வீதமானோர் உயிரோடிருந்தார்கள், பொறுத்தவர்களில் 67.5 வீதமானோர். 2015இல் அது வெளியானது. அதுவும் ட்ரயல்தான், புது மருந்து ஒரு துளி இல்லை. வெற்றிலை போடும் எங்கள் சனத்துக்கு இதைச் சொன்னால் விளங்கும்.

கேட்பது பெரிதில்லை. நோய் கணுவுக்குப் போயிருக்கிறது என்று தெரிந்த அன்றே ஒரு கடதாசி தாருங்கள், தமிழில். தொடங்கிய இடம், நிலை, எந்தப் பக்கத்தில் எத்தனை கணு, பயொப்சி முடிவு, இதுவரை செய்த வைத்தியம், மற்ற வருத்தங்கள். அதன் அடியில் ஒரு வரி: 'ஆய்வு ஏதும் உண்டா என்று பார்த்தோம்', உண்டு அல்லது இல்லை, திகதி, கையொப்பம். பார்ப்பதற்கு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆஸ்பத்திரிகளில் தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவரை நியமியுங்கள். கிழமையில் ஒரு அரை நாள் போதும்.

மாதிரிக்கு ஒரு கடதாசி கீறி இத்துடன் வைத்திருக்கிறேன். கணக்கு வாத்தியார் கீறியது, கட்டங்கள் நேராக இருக்கும், வைத்தியத்தில் பிழை இருக்கலாம். திருத்தி அனுப்புங்கள். அண்ணருக்கு அடுத்த கிளினிக் இந்த மாதக் கடைசியில்.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் தம்பி,
புதுக்குடியிருப்பு.