சாணித்தாளே போதும்

மார்வெல், டிசி என்னும் அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனங்களில் பழைய கதைகளின் மறுபதிப்பைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கறுப்பு-வெள்ளைத் தடிப் புத்தகங்களை மறுபடியும் போடுங்கள்.

மார்வெல் 1996-ல் தொடங்கிய ‘எசென்ஷியல்’ வரிசையையும், டிசி 2005-ல் தொடங்கிய ‘ஷோகேஸ் பிரசன்ட்ஸ்’ வரிசையையும் சொல்கிறேன். சாணித்தாளில் ஐந்நூறு பக்கம், டெலிபோன் டைரக்டரி கனம், பெரும்பாலும் இருபது டாலருக்குள் விலை. ஒரே புத்தகத்தில் இருபது இதழாவது இருக்கும். இரண்டையும் நிறுத்திவிட்டீர்கள்.

இப்போது வரும் ‘எபிக் கலெக்‌ஷன்’, ‘டிசி ஃபைனெஸ்ட்’ வண்ண மறுபதிப்பு வரிசைகள் நல்ல தயாரிப்புகள்தான், மறுக்கவில்லை. ஆனால் நாற்பது டாலர், அதற்கு மேலும்கூட. எங்கள் கணக்கில் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய், ஒரே ஒரு புத்தகத்துக்கு! அதைவிட எரிச்சல், வெளியிடும் வரிசை. அயர்ன் மேன் எபிக்கில் 1-ம் தொகுதிக்கு முன்பே 10-ம் தொகுதி வந்தது. நடுவில் விட்டது என்றைக்கு வரும் என்று உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குள் முன்பு வந்தது அச்சில் தீர்ந்துபோய், கைமாற்றி விற்பவர்கள் சொன்னதுதான் விலை. ஒரு கதையைத் தொடர்ச்சியாகப் படிக்க நினைப்பவன் பாடு திண்டாட்டம்.

2021-ல் வந்த ‘மைட்டி மார்வெல் மாஸ்டர்வொர்க்ஸ்’ சிறிய புத்தகங்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக வருகின்றன, வண்ணத்தில், பதினாறு டாலருக்கு. ஆனால் ஒன்றில் சுமார் பத்து இதழ்தான். டிசி-யின் பத்து டாலர் ‘காம்பேக்ட்’ புத்தகங்களோ பெரும்பாலும் ‘வாட்ச்மென்’ மாதிரிப் பிற்காலக் கதைகளுக்கானவை. 1960-களின் ஃபிளாஷ் கதைகளைத் தேடுகிறவனுக்கு அங்கே வேலையில்லை.

கறுப்பு-வெள்ளை என்றால் ஏழைகளுக்கான பதிப்பு என்று நினைக்கிறீர்களோ என்னவோ. முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியை அப்படியே படித்து வளர்ந்த கூட்டம் நாங்கள். வண்ணம் இல்லையே என்று யாரும் அழவில்லை. 1966-ல் கிரகங்களை விழுங்கும் கேலக்டஸ் பூமிக்கு வரும் ஃபென்டாஸ்டிக் ஃபோர் 48 முதல் 50 வரையான இதழ்களை எசென்ஷியலில் பாருங்கள். ஜாக் கிர்பி போட்ட இயந்திரங்களும், அவற்றின் மேல் ஜோ சின்னாட் இழுத்த மைக்கோடுகளும் ஒவ்வொன்றாகத் தெரியும். அன்றைய புள்ளி வண்ணங்கள் மங்கலான மலிவுத் தாளுக்காகப் போட்டவை. அதே வண்ணத்தை இன்று பளபளப்புத் தாளில் அப்பினால் கண் கூசுகிறது, கோடு அடியில் போய்விடுகிறது. ஸ்டீவ் டிட்கோ வரைந்த டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் கதைகளுக்கு மட்டும் வண்ணம் வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். தடிப் புத்தகத்தில் இரட்டைப் பக்கப் படங்கள் நடுமடிப்பில் பாதி காணாமல் போவதும் உண்மைதான்.

1938-ன் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ், சூப்பர்மேன் அறிமுகமான இதழ், அன்று பத்து சென்ட். 2024-ல் ஒரு பிரதி அறுபது லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் அதைப் பிரித்துப் படிப்பாரா என்ன? அந்தச் சந்தை உங்கள் கையில் இல்லை, சரி. ஆனால் மறுபதிப்பையும் அலமாரிப் பொருளாக்குவது உங்கள் கையில்தான் இருக்கிறது. ‘ஆம்னிபஸ்’ என்கிற விலை கூடிய கெட்டி அட்டைப் பெருந்தொகுப்புகள் தாராளமாக வரட்டும், வசதி உள்ளவர்கள் வாங்கட்டும். பக்கத்திலேயே மலிவான இன்னொன்றும் இருக்கட்டும்.

இந்தியாவிலேயே அச்சடிக்க உரிமை கொடுத்தால் இன்னும் நல்லது. கோதம் காமிக்ஸ் ஒரு காலத்தில் உங்கள் இதழ்களை இங்கே மலிவாகப் போட்டது, முடியாத காரியம் இல்லை.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், 1961 முதல் 1970 வரை கிர்பி வரைந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர், 102 இதழ்கள். ஐந்து புத்தகத்தில் அடங்கும். 1-ம் தொகுதியை முதலில் விடுங்கள்.

இப்படிக்கு,
பின்னட்டையைத் திருப்பி விலை பார்த்தே புத்தகம் வாங்கும் ஒரு வாசகன்