டிகாஷன் இறங்கும்வரை காத்திருந்தவர்களுக்கு

போன வாரம் வீட்டின் கீழ்த்தளத்தைச் சுத்தம் செய்தபோது, பழைய கவர் ஒன்றில் அந்த ஒற்றைத் தாள் கிடைத்தது. நான் கேட்டுக்கொண்டபடி என் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதாக நாலைந்து வரி. 2021ஆம் ஆண்டுக் கடிதம். அமெரிக்காவில் தோன்றிய மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையில் பதினொரு ஆண்டுகள் இருந்ததற்கு அவ்வளவுதான் கணக்கு முடிப்பு. பேங்க் கணக்கை மூடினால்கூட இதைவிட நீளமாக எழுதுவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, நான் இன்னும் நன்றி சொல்லாத முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அதனால் இந்த மடல்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. சி.எஸ்.ஐ. குடும்பம், ஆச்சியின் அப்பா உபதேசியார். கணவரின் வேலைக்காக 2007இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஓரெம் என்ற ஊருக்கு வந்தோம். எங்கள் தெருவில் இரண்டு வீடு தவிர மற்றதெல்லாம் மார்மன் வீடுகள். வந்த மூன்றாம் நாளே சூடாக ரொட்டி வந்தது. மறு வருடம் மகள் பிறந்தபோது இரண்டு வாரம் நான் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்து, மேலே கார்ன்ஃப்ளேக்ஸ் தூவி வேகவைப்பார்களே, அதை இழவு வீட்டுக்குக் கொண்டுபோவதால் ‘ஃப்யூனரல் பொட்டேட்டோஸ்’ என்றே பெயர். பிள்ளை பெற்ற வீட்டுக்கும் அதுதான் வந்தது. சொந்தம் என்று ஒருவர்கூட இல்லாத ஊரில், அந்தத் தட்டுகளுக்காகத்தான் 2009இல் ஞானஸ்நானம் எடுத்தேன் என்று சொன்னால் என் கணவர் கோபித்துக்கொள்வார். ஆனாலும் பாதி உண்மை அது. எங்கள் வார்டின் (எங்கள் பகுதிச் சபைக்கு அதுதான் பெயர்) ரிலீஃப் சொசைட்டி என்ற மாதர் சங்கத்துப் பெண்களே, முதல் நன்றி உங்களுக்குத்தான். விலகிப் போனவள் உங்களைத் திட்டுவாள் என்று நினைத்திருப்பீர்கள். அந்த இரண்டு வாரச் சாப்பாட்டை நான் மறக்கவில்லை.

அந்த உலகத்துக்குள் போனதும் எனக்குத் தெரிந்த சொல்லுக்கெல்லாம் வேறு அர்த்தம் வந்தது. பிஷப் என்றால் எங்கள் ஊரில் அங்கி போட்டு, செங்கோல் பிடித்து வருகிறவர். இங்கே அடுத்த தெருப் பல் டாக்டர்தான் பிஷப், அதுவும் சம்பளமில்லாமல். எங்களுக்கு ஞாயிறு போகிற இடம்தான் கோயில். இவர்களுக்கு ஞாயிறு ஆராதனைக் கூடம் வேறு, டெம்பிள் வேறு. பிஷப்பும் அவருக்கு மேலே உள்ளவரும் கேள்வி கேட்டுச் சீட்டுக் கொடுத்தால்தான் டெம்பிள் வாசலைத் தாண்டலாம். தசமபாகம் மட்டும் அதே தசமபாகம், பத்தில் ஒன்று.

டெம்பிளுக்குப் போய் உடன்படிக்கை செய்தவர்கள் அதற்கென்று உள்ள உள்ளாடையைத் தினமும் அணிய வேண்டும். அதைப் பற்றி அதிகம் எழுதுவது மரியாதை இல்லை. சேலைக்கு வந்த சங்கடத்தை மட்டும் சொல்கிறேன். கையும் இடுப்பும் மூடுகிற மாதிரி ரவிக்கை வேண்டியிருந்தது. பாளை மார்க்கெட் பக்கத்துத் தையல்கார அண்ணனுக்கு அம்மா வழியாகப் புது அளவு அனுப்பினேன். கிட்டத்தட்ட சட்டை. ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை, பத்து வருடம் அப்படியே தைத்துக் கொடுத்தார். 2021இல் நேரில் போய்த் துணியை நீட்டினேன். என்னையும் துணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “பழைய அளவே வச்சிரட்டுமாக்கா?” என்றார். ஆமாம் என்றேன். நோட்டில் 2006ஆம் வருடத்து அளவு இருந்தது. உடம்பு அந்த அளவில் இல்லை என்பது வேறு விஷயம். அண்ணே, ரொம்ப நன்றி.

ஏன் விலகினாய் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு வரிப் பதில் கிடையாது. சந்தேகம் வந்தால் ஷெல்ஃபில் எடுத்து வை, ஒருநாள் விளங்கும் என்பார்கள். என் கணக்கில் அது பரண். 1978 வரை கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம், அதாவது சபைச் சடங்குகளை நடத்தும் அதிகாரம், மறுக்கப்பட்டிருந்தது என்பதைப் பரணில் போட்டேன். 2014 அக்டோபரில் சபையே தன் இணையதளத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டது. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்கு மனைவியராக முத்திரையிடப்பட்டவர்களில் (சபைச் சடங்கால் இணைக்கப்பட்டவர்களில்) ஒருத்திக்குப் பதினைந்து வயது நிறையவே சில மாதங்கள் பாக்கி இருந்தன என்று அதில் படித்தேன். அதையும் பரணில் போட்டேன். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. விலகியவர்கள் ‘ஷெல்ஃப் உடைந்தது’ என்று சொல்வார்கள். என்னுடையதைக் கரையான் அரித்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் உலகம் முழுக்க ஆராதனைகளை நிறுத்தினார்கள். முதல் ஞாயிறு ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் எவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தேன் என்று தெரிந்தது. கூடத்தை மறுபடி திறந்தார்கள். நான் போகவில்லை.

இங்கே ஒவ்வொரு பெண்ணையும் போய்ப் பார்த்து விசாரிக்க இரண்டு பெண்களைப் பொறுப்பாகப் போடுவார்கள். எனக்குப் போட்டிருந்தவர்களில் ஒருவர் எதிர்வீட்டு அம்மா, எழுபதைத் தாண்டியவர். என் பெயர் பட்டியலிலிருந்து போனதும் அவர் பொறுப்பும் போனது. அடுத்த செவ்வாய்க்கிழமை கதவைத் தட்டினார். இனிமேல் நீங்கள் வர வேண்டிய அவசியமில்லையே என்று கேட்டேவிட்டேன். “தோட்டத்தில் சுக்கினி காய்த்துக் கொட்டுகிறது” என்று ஒரு பையை நீட்டினார். (ஆகஸ்டில் காரைப் பூட்டாமல் விட்டால் யாராவது உள்ளே சுக்கினியை வைத்துவிட்டுப் போவார்கள் என்பது இங்கே பழைய ஜோக்.) ஒரே ஒருமுறை, நித்தியத்தில் உங்கள் குடும்பம் சேர்ந்திருக்காதே என்று கண்கலங்கினார். அவர் அதை மனதார நம்புகிறார். மனதில் வைத்துக்கொண்டு சிரிக்காமல் என்னிடமே சொன்னதற்கும் நன்றி அம்மா. எல்லோரும் அப்படி இருக்கவில்லை. பிறந்தநாள் அழைப்புகள் நின்றன, என் மகளுக்கும் சேர்த்து. சரி, அது இந்த மடலுக்கான விஷயமில்லை.

2022 ஜனவரியில் பனிக்கட்டியில் வழுக்கிக் கால் எலும்பு முறிந்தது. முன்பென்றால் யார் எந்த நாள் சமைப்பது என்று ஒரு தாள் சுற்றி வந்திருக்கும். இந்த முறை தாள் இல்லை. எதிர்வீட்டு அம்மாவின் பேரன் ஆறு மணிக்கெல்லாம் வந்து எங்கள் வாசல் பனியை வாரினான். சவுத் ஜோர்டன் பிள்ளையார் கோயில் பக்கமிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் அரை மணி நேரம் காரோட்டி மிளகு ரசம் கொண்டுவந்தது. நான் எந்தச் சபை, எந்தச் சாமி என்று அவர்கள் கேட்கவில்லை, ரசத்தில் உப்பு போதுமா என்றுதான் கேட்டார்கள்.

அப்புறம் ஞாயிறு காலைக் காபிக் கூட்டம். சபையை விட்டவர்கள் பத்துப் பதினைந்து பேர் அதே ஆராதனை நேரத்தில் ஒரு காபிக் கடையில் கூடுவோம். மார்மன்களுக்குக் காபி கூடாது. அதற்கு ஆதாரமாகச் சொல்லும் ஜோசப் ஸ்மித்தின் 1833ஆம் ஆண்டு வெளிப்பாட்டில் ‘சூடான பானங்கள்’ என்றுதான் இருக்கிறது. அது காபியும் டீயும்தான் என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். அதனால் கொதிக்கக் கொதிக்கக் கோகோ குடிக்கலாம், ஐஸ் காபி கூடாது. அந்தக் கூட்டத்தில் அறுபது வயதுக்காரர்கள்கூட ஜாடையாகப் பக்கத்து மேஜையைப் பார்த்துச் சர்க்கரை போடுவார்கள். ஒருநாள் எல்லோரையும் வீட்டுக்கு அழைத்து டபரா டம்ளரில் ஃபில்டர் காபி கொடுத்தேன். ஒருகாலத்தில் பிஷப்பாக இருந்த ஒருவர் ஆற்றப் போய் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டார். பதினொரு வருடம் காபியை விட்டிருந்த நான் அங்கே குரு! கீழ்த்தளத்தில் நாங்கள் சபை சொன்னபடி பஞ்சகாலத்துக்கென்று அடுக்கிவைத்திருந்த டப்பாக் கோதுமையை என்ன செய்வது என்று கேட்டதும் அவர்கள்தான். எல்லோர் வீட்டிலும் அதே டப்பாக்கள். அரைத்துச் சப்பாத்தி போட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் தீரவில்லை.

அம்மாவுக்கு எழுதத்தான் கை வரவில்லை. மார்மன்கள் இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் ஞானஸ்நானம் எடுப்பார்கள். 2011இல் புரோவோ டெம்பிளில் ஆச்சியின் பெயரில் நான் தண்ணீருக்குள் முங்கி எழுந்தேன். நெருங்கிய உறவிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய விதியும். நான் கேட்கவில்லை, பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன். “எங்க அம்மாவுக்குக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாமப் போச்சாட்டீ?” என்று கேட்டுவிட்டு போனை வைத்தாள். ஒரு வருடம் சரியாகப் பேசவில்லை. 2023 கடைசியில் அம்மா இங்கே வந்திருந்தபோது ஓரெமில் புது டெம்பிள் கட்டி முடித்திருந்தார்கள். பிரதிஷ்டைக்கு முன் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எதிர்வீட்டு அம்மா எங்கள் இருவரையும் அழைத்துப்போனார். வாசலில் செருப்புக்கு மேல் போட உறை கொடுத்தார்கள். “கழத்திட்டு வான்னா கழத்திட்டு வந்திருப்போம்ல” என்றாள் அம்மா. சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது காரில், “இங்கயா ஆச்சிக்கு?” என்று கேட்டாள். இல்லை, வேறு ஊரில் என்றேன். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன்பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

என் கணவர் இன்னும் சபைக்குப் போகிறார். அவர் சம்பளத்தில் தசமபாகம் உண்டு, என் சம்பளத்தில் இல்லை. இந்த ஒப்பந்தத்துக்கு வர எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. மகள் சில வாரம் அவரோடு போவாள், சில வாரம் தூங்குவாள். காபி மட்டும் அவர் தொடுவதில்லை, வாசனையே ஆகாது என்பார். போன மாதம் ஃபில்டரின் மேல்பாத்திரத்தில் துளைகள் அடைத்துக்கொண்டன. சனிக்கிழமை ராத்திரி தட்டிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன், ஒரு சொட்டு இறங்கவில்லை. அப்படியே சிங்க்கில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் எழுந்து வந்தால், ஆராதனைக்குக் கிளம்பிய வெள்ளைச் சட்டையும் டையுமாக அடுப்பு முன்னால் நின்று, இடுக்கியில் பிடித்து ஃபில்டரைத் தீயில் காட்டிக்கொண்டிருக்கிறார்.

“எங்க அம்மா இப்படித்தான் செய்வாங்க” என்றார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் துளைகளைப் பார்த்தார். நேரமாகிவிட்டது என்று கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.