ஹவில்தார் பழனியின் வாழ்வையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீன ராணுவத்துடன் நடந்த மோதலில் வீரமரணம் அடைந்த ஹவில்தார் பழனியின் கடைசி இரவைப் பற்றி நிறையப் படித்துவிட்டோம். அவர் வாழ்ந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் படித்ததில்லை. ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரில் எளிய குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே பீரங்கிப் படையில் சேர்ந்தவர். தம்பியும் ராணுவ வீரர். குடும்பத்துக்காகக் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசத்துக்குக்கூட எல்லைப் பதற்றத்தால் அவரால் வர முடியவில்லை. எத்தனை பெரிய இழப்பு அது! மறைவுக்குப் பின் அவருக்கு வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. 2021இல் மனைவி பெற்றுக்கொண்டார்.

ஊரில் அவரோடு பழகியவர்களிடம் பேசி, அந்த மனிதரைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிடுங்கள். ராணுவத்தில் சேரத் துடிக்கும் எங்கள் பிள்ளைகள் அதைப் படிக்க வேண்டும்.

— ஒரு வாசகர், ராமநாதபுரம்