ஹ்வாங் சன் ஹோங் அவர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஹ்வாங் சன் ஹோங் அவர்களுக்கு,

வணக்கம். 2002 உலகக் கோப்பைக் கால்பந்தில், ஜூன் 4 அன்று புசானில் தென் கொரியாவுக்காகப் போலந்துக்கு எதிராக நீங்கள் அடித்த கோலைப் பற்றியே எல்லோரும் உங்களுக்கு எழுதியிருப்பார்கள். நானும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. 26ஆம் நிமிடத்தில், இடப்பக்கத்திலிருந்து லீ உல் யோங் அனுப்பிய பந்தை அது தரையைத் தொடும் முன்பே இடக்காலால் வலைக்குள் செலுத்திவிட்டு, தலைமைப் பயிற்சியாளர் ஹிடிங்கிடம் போகாமல், உதவிப் பயிற்சியாளர் பார்க் ஹாங் சோவிடம் ஓடி அவரைக் கட்டிக்கொண்டீர்கள். அதற்கு முன் ஐந்து உலகக் கோப்பைகளில் 14 ஆட்டங்கள் ஆடியும் கொரியா ஒன்றில்கூட வென்றதில்லை.

1994 உலகக் கோப்பையில் பொலிவியாவுக்கு எதிராக வாய்ப்புகளைத் தவறவிட்டதற்காக நாடே உங்களை வசைபாடியது. அடுத்த ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக நீங்கள் கோல் போட்ட பிறகும் அந்த வசை ஓயவில்லை. 1998இல், தொடருக்குச் சில நாட்களே இருந்தபோது, சீனாவுடனான நட்பு ஆட்டத்தில் கோல்கீப்பருடன் மோதி முழங்காலில் காயம்பட்டு, பிரான்ஸுக்குப் போயும் ஒரு நிமிடம்கூட ஆட முடியாமல் திரும்பினீர்கள். (மறு ஆண்டே செரெசோ ஒசாகாவுக்காக 24 கோல்கள் அடித்து ஜப்பான் லீக்கில் முதலிடம் பிடித்ததை யார் இப்போது பேசுகிறார்கள்?)

ஆனால் என் கணக்கில் உங்கள் பெரிய சாதனை 2013தான். கொரியாவின் தொழில்முறைக் கால்பந்துத் தொடரான கே லீக்கில் பல அணிகள் கோலுக்கு வெளிநாட்டு முன்கள வீரர்களையே நம்பியிருக்க, நீங்கள் பயிற்சியளித்த போஹாங் ஸ்டீலர்ஸ் அந்த ஆண்டு ஒரு வெளிநாட்டவரும் இல்லாமல், குட்டிக் குட்டிப் பாஸ்களாலேயே ஆடியது. கடைசி நாளில் உல்சான் அணியின் சொந்த மைதானத்தில், சமன் செய்தாலே பட்டம் அவர்களுக்கு என்ற நிலையில், 95ஆம் நிமிடத்தில் கோல்முகத்துக் களேபரத்தில் பந்தை உள்ளே தள்ளியவர் கிம் வோன் இல். அவர் ஒரு பின்கள வீரர்! அதே ஆண்டு வென்ற எஃப்.ஏ. கோப்பை என்ற நாக்-அவுட் போட்டியையும் சேர்த்தால், கொரியாவில் அதுவரை எவருக்கும் கிட்டாத இரட்டைப் பட்டம்.

2016இல் சோல் அணியுடன் லீக் பட்டம், 2023இல் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுத் தங்கம். அடுத்த ஆண்டு தோஹாவில் உங்கள் 23 வயதுக்குட்பட்டோர் தேசிய அணி இந்தோனேசியாவிடம் பெனால்டியில் 10-11 எனத் தோற்று, 1988 முதல் தொடர்ந்து போன ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தபோது வசை மீண்டும் உங்கள் தலையில் விழுந்தது. அதற்கு முந்தைய மாதம் மூத்த தேசிய அணியையும் தற்காலிகமாக ஏற்றீர்களே, அதை மறுத்திருக்க வேண்டும் என்பதே என் குறை.

பிறகு, முன்பு பயிற்சியளித்த தேஜோன் அணிக்கே திரும்பினீர்கள். 2025இல் அந்த அணி கே லீக்கில் இரண்டாம் இடம் பெற்றது. அதற்கு மேல் அது ஒருபோதும் ஏறியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் ரசிகன்